வெள்ளிக்கிழமை ஷிஃப்ட்

எனக்கு வாய் அதிகம். பெங்களூர் கமர்ஷியல் தெருவில் ஒரு புடவைக் கடையில் பல வருடம் நின்றவள் நான். மழைக்கு ஒதுங்கியவளைக்கூட உட்கார வைத்து, இரண்டு புடவையைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தியதும் கடையும் என்னை நிறுத்திவிட்டது. வாரத்துக்கு இரண்டு காலை ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துக் கிடப்பவளை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? இப்போது ஜோகுபாளையம் வீட்டிலிருந்தே போனில் படம் அனுப்பி ஏதோ நாலு புடவை விற்கிறேன். வாய் மட்டும் குறையவில்லை. மாநாட்டு மேடையில் பேச நோயாளி ஒருவர் வேண்டும் என்றபோது டாக்டர் மேடத்துக்கு என் ஞாபகம் வந்ததும் அதனால்தான்.

டாக்டர் மேடம் எனக்கு வைத்தியம் பார்ப்பவர் இல்லை; ஆராய்ச்சி செய்பவர். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மீதி நாட்களை எப்படித் தள்ளுகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. நோயாளியிடம் கேள்வி கேட்டால் மட்டும் போதாது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதையே நோயாளியோடு உட்கார்ந்துதான் முடிவு செய்யவேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அப்படி உட்காருகிறவர்களை ‘பேஷன்ட் பார்ட்னர்’ என்பார்கள். எங்கள் யூனிட்டிலிருந்து இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. டயாலிசிஸ் தொடங்கிய முதல் இரண்டு வருடம் எனக்குப் பக்கத்துப் படுக்கை. பிரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் நாலு வீட்டில் சமையல் செய்தவள். நான் வாயை மூடாமல் பேசுவேன், அவள் கண்ணை மூடிக் கேட்பாள். ரொம்பவும் போனால், “சும்னே இருடி, மெஷினே உன் பேச்சைக் கேட்டு நின்னுடப் போவுது” என்பாள். பாதி கன்னடம் கலந்துதான் திட்டுவாள். பிறகு யூனிட்டில் நாட்களை மாற்றியமைத்தார்கள். அவளுக்குத் திங்களும் வியாழனும், எனக்குச் செவ்வாயும் வெள்ளியும். அன்றைக்கு நான் ஒரு பாட்டம் சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டர் மேடத்தின் ஆராய்ச்சியில் எல்லோரையும் அசத்திய கேள்வியும் அக்காவுடையதுதான். அவர்கள் பெரிய பட்டியலே வைத்திருந்தார்கள்: தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி என்று. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “மெஷின்லேர்ந்து எறங்கி எவ்ளோ நேரங்கழிச்சு அடுப்பாண்ட நிக்க முடியுது, அதக் கேளுங்க மேடம். அதுலயே எல்லாம் வந்துடும்.” டாக்டர் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் பிறகு ஆராய்ச்சியே நடந்தது.

அதைச் சொல்வதற்குத்தான் மாநாடு. ஊர் இதே பெங்களூர்தான். ஆனால் ஏர்போர்ட் போகிற வழியில் ஒரு பெரிய ஓட்டலில். உள்ளே நுழையக் கட்டணம் எவ்வளவு என்று என் மகள் இங்கிலீஷ் மெயிலைப் படித்துச் சொன்னபோது, நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். எங்களைப் பற்றிப் பேசுகிற இடத்துக்குள் போக எங்கள் மூன்று மாத வாடகை கேட்டார்கள். டாக்டர் மேடம் விடவில்லை. நோயாளிக்குக் கட்டணம் கூடாது, வண்டி அனுப்பவேண்டும், சாப்பாடு தரவேண்டும், அன்றைய கூலியும் தரவேண்டும் என்று மாதக்கணக்கில் கமிட்டியோடு மல்லுக்கட்டினார். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நோயாளிக்கு.

“நீ போடி” என்றாள் அக்கா, ஒரு நொடிகூட யோசிக்காமல். “என்னை ஏத்தி வுட்டா நான் மேடைல நின்னுக்கினு அழுவேன். நீ பேசு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசு.”

மேடைக்கு என்னைக் குறித்திருந்த நாள் வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட டாக்டர் மேடம் இதையும் கவனிக்காமல் இல்லை. “அன்னைக்கு உங்களுக்கு டயாலிசிஸ் நாளாச்சுங்களே? நான் யூனிட்ல பேசட்டுங்களா? இல்லைன்னா ஓட்டல் பக்கத்துல எங்கயாவது பிரைவேட்ல ஏற்பாடு பண்ணச் சொல்லிக் கமிட்டியைக் கேக்கறேன்” என்றார். அப்போது நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டணம் இல்லை, கார் வருகிறது, சோறு போடுகிறார்கள், கூலி வேறு; இதற்கு மேலும் கேட்டால் இந்தப் பொம்பளைக்கு ஆசைக்கு அளவே இல்லையா என்று நினைப்பார்களே! “வேணாம் மேடம், நாங்க எங்களுக்குள்ள மாத்திக்குவோம்” என்று பெருமையாகச் சொன்னேன்.

மாற்றிக்கொள்வது என்பது எங்கள் யூனிட்டில் நெடுநாள் பழக்கம். கல்யாணம், சாவு, பிள்ளைக்குப் பரீட்சை, எது வந்தாலும் ஒருத்தர் நாளை இன்னொருத்தர் வாங்கிக்கொள்வார். முறையாக மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதி, கையெழுத்து வாங்கி, அதற்குள் கல்யாணம் நடந்த வீட்டில் குழந்தையே பிறந்துவிடும். அதனால் டெக்னீஷியனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவோம். அவர் ஹாசன் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். “ஆய்த்து அக்கா. பேரு அப்படியே இருக்கட்டும், ஆளு மட்டும் மாறி வாங்க” என்பார். ரிஜிஸ்டரில் என் பெயர் இருக்கும், படுக்கையில் அக்கா இருப்பாள். இப்படி எத்தனையோ தடவை செய்திருக்கிறோம், ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை.

அப்படியே வியாழக்கிழமை அக்காவின் படுக்கையில் நான் படுத்தேன். வெள்ளிக்கிழமை என் படுக்கைக்கு அவள் வரவேண்டும். திங்கட்கிழமைக்குப் பிறகு அவளுக்கு அதுதான் முதல் டயாலிசிஸ். டெக்னீஷியன் அன்று சாயங்காலமே ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினார். “எல்லாம் ஹேளிட்டேன்” என்றார், சொல்லிவிட்டேன் என்று. யாரிடம் சொன்னாரோ, சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்தது. எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் முக்கிலேயே நின்றது. நான் மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேன். ஊசி குத்தும் கை முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடக்கும்; அதை மறைக்க நீளக் கை வைத்த ரவிக்கை புதிதாகத் தைத்திருந்தேன். ஓட்டல் வாசலில் வரவேற்பு என்று ஆளுக்கொரு இளநீர் நீட்டினார்கள். கிட்னி மாநாடு! எங்களுக்குத் தொடக்கூடாது என்று எழுதிக்கொடுத்த பட்டியலில் இளநீர்தான் முதலில். ‘அறிவுகெட்டவங்களா’ என்று தொண்டைவரை வந்தது. பட்டுப்புடவையின் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு, வேண்டாம்பா என்றேன்.

கூட்டத்தில் ஏசி எலும்புவரை குத்தியது. போனை அணைத்து வையுங்கள் என்றார்கள். நான் சத்தத்தை மட்டும் நிறுத்திப் பைக்குள் போட்டேன். என் முறை வந்தது. நான் தமிழில் பேசினேன், நடுவில் கன்னடமும் விட்டேன், டாக்டர் மேடம் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொன்னார். அடுப்பாண்ட நிற்கிற கேள்வியைச் சொன்னதும் கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ‘நாங்க கேட்டோம்’ என்றுதான் சொன்னேன். அக்கா கேட்டாள் என்று சொல்லவில்லை. கூட்டம் கைதட்டினால் மனுஷிக்கு என்னவோ ஆகிவிடுகிறது.

கடைசியில் மேடையிலிருந்த ஒரு பெரிய டாக்டர் கேட்டார்: நோயாளிகள் இந்த மாதிரி இடங்களுக்கு வருவதற்கு என்ன தடை? நான் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “இவ்ளோ நாளா காசுதாங்க தடை. இந்தத் தடவ எனக்குப் பத்து பைசா செலவில்ல. கார் அனுப்பிச்சீங்க, சோறு போடறீங்க. இதே மாதிரி எல்லாருக்கும் செஞ்சீங்கன்னா போதும், நாங்க வந்துடுவோம்” என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். யூனிட் நம்பரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று, நான் மேடையில் இருந்தபோது. எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நம்ம டெக்னீஷியன் ஊரில் இல்லை, மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் மாற்றிக்கொண்டது தெரியாது, நான் வரவில்லையே என்று தேடுகிறார்கள். திருப்பிக் கூப்பிட்டு நான் ஏதாவது உளறினால் குட்டு வெளிப்பட்டுவிடும், மெஷினில் இருக்கிற அக்காவைப் பாதியில் இறக்கிவிடுவார்கள். அவள் அங்கேதானே இருக்கிறாள், அவளே சமாளித்துக்கொள்வாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எங்களுக்கு ஆகாத தக்காளி சேர்க்காத குழம்பு எங்கே இருக்கிறது என்று தேடப் போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். கார், ஏசி, இளநீர், கைதட்டல், பெரிய டாக்டர் என்னோடு எடுத்துக்கொண்ட போட்டோ எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள். நடுநடுவே மூச்சு வாங்கியது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

“இங்க யூனிட்ல இன்னைக்கு...” என்று ஒரு தடவை ஆரம்பித்தாள்.

“அத வுடுக்கா, எப்பவும் இருக்கற ரோதனதானே. இதக் கேளு, அந்த இளநீக்காரன் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ” என்றேன்.

“சரி, சரி, சொல்லு” என்றாள்.

கால் மணி நேரம் பேசியிருப்பேன். நல்லபடியாக டயாலிசிஸ் முடிந்ததா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை முழுக்கத் தூங்கினேன். எழுந்து, மேடையில் நிற்கிற போட்டோவைப் போனில் எல்லோரும் பார்க்கும்படி போட்டேன். அக்கா கை கூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்காரர் பேசினார். அவர் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. நான் அண்ணா என்பேன். காலையிலிருந்து மூச்சுவிட முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, ஆட்டோவில் உட்கார வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அவசரப் பிரிவு வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார். அழவில்லை. “நுரையீரல்லாம் தண்ணியாம்மா” என்றார் இரண்டு மூன்று தடவை.

அடக்கத்தின்போது அங்கங்கே கேட்டுத்தான் வெள்ளிக்கிழமை நடந்தது எனக்குத் தெரிந்தது. மெஷினுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிற பிளான்டில் குழாய் வெடித்து, அன்று காலை ஒருவருக்கும் டயாலிசிஸ் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள், சனிக்கிழமை தனி ஷிஃப்ட் போட்டுப் போனில் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். அக்கா பத்து மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறாள். ‘நம்ம நம்பர்தான் அவங்ககிட்ட இருக்கே’ என்றாளாம் அண்ணாவிடம். இரண்டு நாளும் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று அண்ணா சொன்னதற்கு, “அது இப்பத்தான் சந்தோஷமா இருக்குது, வுடு” என்றாளாம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. யூனிட்காரர்களைத்தான் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என் ஷிஃப்டுக்குப் போனேன். எடை பார்த்துவிட்டுத் திரும்பும்போது மேஜையிலிருந்த பெண் தலையைத் தூக்கிக் கேட்டாள்: “நீங்க ஏன் சனிக்கிழமை வரல? வெள்ளிக்கிழமையே ரெண்டு சல போன் பண்ணோமே, ரெண்டு தடவயும் நீங்க எடுக்கவே இல்ல. உங்க பெட் சும்மா காலியா இருந்துச்சு.”

அவள் மேற்கொண்டு ஏதோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்கு வரவேண்டிய போன் என் பைக்குள் வந்திருக்கிறது. அவர்கள் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரிஜிஸ்டரில் இருந்தது என் பெயர். அவள் பெயருக்கு நேரே வியாழக்கிழமையே டயாலிசிஸ் முடிந்தது என்று இருந்தது. திங்களிலிருந்து ஞாயிறுவரை அவள் உடம்பில் சேர்ந்த தண்ணீர் வெளியே போக ஒரு காலிப் படுக்கை இருந்தது, அதில் யாரும் இல்லை.

ஊசி குத்த வந்த டெக்னீஷியன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணத்தில் வைத்த மருதாணிச் சாயம் இன்னும் விரலில் இருந்தது. டேப் ஒட்டும்போது குனிந்து மெதுவாகச் சொன்னார்: “அக்கா, யார்கிட்டயும் ஹேளாதீங்க. என் வேலை போயிடும். இனிமே யாருக்கும் மாத்தித் தரவும் மாட்டாங்க.” நான் சரி என்று தலையாட்டினேன். நாலு மணி நேரம் என் ரத்தம் சுத்தமாகி உள்ளே வந்துகொண்டிருந்தது, நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் மேடம் பேசினார். அக்காவுக்காக அழுதார், நிஜமாகவே அழுதார். நாங்கள் நாளை மாற்றிக்கொண்டதை அவர் மறந்தேவிட்டார் போல. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மாநாடுகளுக்கு நோயாளிகள் வர என்னென்ன உதவி வேண்டும் என்று நடத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதுவதாகவும், இந்தத் தடவை எனக்கு உண்மையில் என்னென்ன செலவானது என்று ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும் என்றும் கேட்டார். “சின்னதா இருந்தாலும் சொல்லுங்க. நமக்குத் தெரியாத செலவு ஏதாச்சும் இருக்குமுங்க.” ரவிக்கை தைத்த கூலியைச் சொன்னேன். அடுத்த நாள் விற்காமல் போன புடவையைச் சொன்னேன். “வேற?” என்றார். வேறொன்றும் இல்லை மேடம் என்றேன். அடுத்த தடவையாவது டயாலிசிஸையும் அவர்களே ஏற்பாடு செய்யவேண்டும் என்று எழுதுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று பயந்து சொல்லவில்லை.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசைக்குப் பிரேசர் டவுன் போயிருந்தேன். பூசை முடிந்து, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு அண்ணா என்னை உட்காரச் சொன்னார். டீ போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

“எனக்கு எழுதத் தெரியாதும்மா, பேசவும் வராது. ஆஸ்பத்திரிக்குள்ள போனா இந்த யூனிபாரத்தைப் பாத்துட்டு வெளிய நில்லுன்னுவாங்க. நீ பெரிய டாக்டருங்க நடுவுலயே பேசினவ. எனக்காக ஒரு தடவ வந்து கேளும்மா. ஏன் எம் பொண்டாட்டிக்கு மட்டும் போன் பண்ணலன்னு கேளு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். காரணம் தெரிஞ்சாப் போதும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். போன் வந்தது அண்ணா, எனக்கு வந்தது என்று. அதற்காகவே வந்தவள்போல உட்கார்ந்துமிருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வேறு பேச்சு வந்தது. தடங்கலே இல்லாமல் வந்தது.

“என்னாத்துக்குண்ணா? கேட்டா ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவாங்க. பத்து நாள் அலைய வுடுவாங்க, உங்க டூட்டிதான் போவும். கடைசில பிளான்ட் கெட்டுப்போச்சும்பாங்க. போனவ திரும்பி வரப்போறாளா? அக்கா இருந்தா அவளே வேணாம்னுதான் சொல்லுவா. அவ யார்கிட்டயும் சண்டைக்குப் போனவளா? மனசுக்குள்ள வெச்சு வெச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க. வுட்டுடுங்கண்ணா.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்” என்றார். “அவளுக்கும் உன் பேச்சுன்னா அவ்ளோ நம்பிக்கை.”

பஸ்ஸில் போகிறேன் என்றேன். நோயாளியை பஸ்ஸில் அனுப்பமாட்டேன் என்று தெருமுனைவரை நடந்துபோய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், ஜோகுபாளையம்வரைக்கும் ஆன காசை அவரே டிரைவர் கையில் கொடுத்தார்.